நூற்று அறுபத்திரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

1992 ஜனவரி 8, புதன்

இன்று பல்கலைக்கழகத்தில் தியாகலிங்கம் சேர் வகுப்பில் வைத்து ஒரு நாவலைப் பிளேட்டால் வெட்டினார். அமெரிக்க இலக்கியத்துக்கு எங்களுக்குக் குறித்த நாவல். நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி. சண்டையால் கொழும்பிலிருந்து இன்னொன்று வர வழியில்லை. போட்டோப் பிரதி எடுக்கலாமென்றால் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாமல் ஒன்றரை வருடம் ஆகிறது. வாசிக்க வேண்டியவர்கள் நாங்கள் ஏழு பேர். எட்டாவது ஆள் சேர். போன வருடம் வரை இந்தப் பாடத்தை எடுத்தவர் லீவில் கனடா போய் அங்கேயே நின்றுவிட்டார். மொழியியல் படிப்பித்துக்கொண்டிருந்த இவர் தலையில் அமெரிக்கா வந்து விழுந்திருக்கிறது.

"ஒளிக்க ஒண்டும் இல்லைப் பிள்ளையள். நானும் உங்களோடைதான் முதல்முதலா வாசிக்கப் போறன்" என்றார். எனக்கு அந்த நேர்மை பிடித்தது.

மொத்தம் ஏழு பகுதி. வாரத்துக்கு ஒன்று. ஆளுக்கு ஒரு நாள். அடுத்த நாள் அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். சனி ஞாயிறு என்றால் சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் பிறகு சேர். ஒவ்வொரு வாரமும் முதல் ஆள் மாறுவார். பாலேஸ்வரி உரும்பிராய், பஞ்சலிங்கம் சாவகச்சேரி, நான் குருநகர். ஒரு அமெரிக்க நாவல் வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் இவ்வளவு சைக்கிள் ஓடுமென்று எழுதினவர் நினைத்திருக்க மாட்டார்.

ஜனவரி 27, திங்கள்

பஞ்சலிங்கம் இரண்டாம் பகுதியை மழையில் நனைத்துவிட்டான். நாவற்குழிப் பாலத்தடியில் மழை பிடித்ததாம். தாள்கள் எல்லாம் ஒட்டிப் பிட்டு மாதிரி ஆகிவிட்டன. பாவம், மூன்று நாள் இருந்து அவ்வளவையும் கையால் பார்த்தெழுதிக் கொண்டுவந்தான். இனி அந்தக் கையெழுத்துத்தான் எங்களுக்கு இரண்டாம் பகுதி.

நான் அவனை விட்டேனா? "மழை வந்தால் புத்தகத்தை சட்டைக்குள்ளை வைக்கிறது, குடையாத் தலைக்கு மேலை பிடிக்கிறேல்லை" என்று கன்ரீனில் எல்லார் முன்னாலும் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. என் வாய் இருக்கிறதே.

பெப்ரவரி 4, செவ்வாய்

நாலாம் பகுதி என்னிடம் இருக்கிறது. பனி கொட்டும் சமவெளியில் ஒரு கோதுமைப் பண்ணை. தாய் ஒருத்தி, நொண்டி. மகள் கிளாரா தாயோடு சண்டை பிடித்துக்கொண்டு நகரத்துக்குப் போய் ஒருவனைக் கட்டிக்கொண்டாள். ஆறு வருடம் ஒரு கடிதமும் இல்லை. இப்போது தனியாக ரயில் ஏறி ஊருக்கு வருகிறாள். ரயில் நிற்பதோடு நாலாம் பகுதி முடிகிறது.

இந்த அமெரிக்கக் கதைகளில் எனக்கு விளங்காதது ஒன்று. ஆட்கள் சும்மா புறப்பட்டுப் போகிறார்கள். காலையில் எழும்பித் தொப்பியைப் போட்டால் சரி, போகலாம். எங்களைப் போல ஊரை விட்டு வெளியேற இயக்கத்திடம் பாஸ் எடுக்கவில்லை, பிணைக்கு ஆள் வைக்கவில்லை. சேர் இதைத் தனிமனித சுதந்திரம் என்கிறார். எனக்கு முதலில் பொறாமைதான் வருகிறது, சுதந்திரம் பிறகுதான்.

பெப்ரவரி 10, திங்கள்

ஐந்தாம் பகுதிக்கு நான்தான் முதல் ஆள். 161 முதல் 198 வரை. பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். முதல் இரண்டு பக்கமும் வாசித்ததும் அம்மா கூப்பிட்டுவிட்டா. கிளாரா இன்னும் ஸ்ரேசன் மேடையில் பெட்டியோடு நிற்கிறாள்.

பெப்ரவரி 11, செவ்வாய்

ஐந்தாம் பகுதி இல்லை.

காலையில் தண்ணி அள்ளப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், மேசை துடைத்துத் துப்புரவாக இருக்கிறது. அம்மாவைக் கேட்டேன்.

"அந்தப் பழைய கடதாசிக் கட்டோ? கடலை விக்கிற மரியநாயகியிட்டைக் குடுத்துப் போட்டன் பிள்ளை. சரை சுத்தத் துண்டுக் கடதாசி இல்லையெண்டு அவள் காலமை வந்து நிண்டவள்."

அட்டை இல்லை, தையல் இல்லை, தலைப்பு இல்லை. அம்மாவுக்கு அது புத்தகமென்று எப்படித் தெரியும்? பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகிற காலம். ஒரு கட்டுக் கடதாசியை வீட்டில் சும்மா வைத்திருப்பதுதான் இப்போது அநியாயம்.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். மரியநாயகி அக்கா கடலைப் பெட்டியோடு இருந்தா. "நல்ல தடிச்ச கடதாசி பிள்ளை, எண்ணெய் வெளியாலை ஊறேல்லை. கடலை இண்டைக்கு வெள்ளெண முடிஞ்சுது" என்றா சந்தோசமாக. பெட்டியின் அடியில் ஒரே ஒரு தாள் கிடந்தது. 161, 162. நான் ஏற்கெனவே வாசித்த பக்கம்.

மிச்சத்தை யாழ்ப்பாணச் சனம் கடலை தின்று எறிந்துவிட்டது.

பெப்ரவரி 12, புதன்

சேரிடம் சொல்லத்தான் போனேன். உண்மையாகத்தான். வாசலில் பஞ்சலிங்கம் நின்றான். "என்ன, அஞ்சாம் பகுதி பத்திரமோ? நனையேல்லையே?" என்றான்.

இவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நான் விட்ட பகிடி முழுக்க வட்டியோடு திரும்பி வரும். அதுகூடப் பரவாயில்லை. நாங்கள் மீன்பிடிக்கிற கரையார் சனம். "கரையாற்றை வீட்டிலை புத்தகத்தைக் குடுத்தால் கடலைச் சரைதான்" என்று யாராவது ஒருத்தர் மனதுக்குள் நினைத்தாலும் போதும், எனக்கு அது கேட்டுவிடும். அம்மாவை அப்படி ஒருத்தரும் நினைக்கக் கூடாது.

"தாள் எல்லாம் கிழியுது. பாத்தெழுதித் தாறன். திங்கட்கிழமை வரைக்கும் பொறுங்கோ" என்று உள்ளே போய்ச் சேரிடம் சொன்னேன். சேர் நல்ல காரியம் என்றார். இருக்கிற நாளில் வாசிக்கவென்று ஆறாம் பகுதியையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

நான் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கு அப்போதே தெரியும்.

பெப்ரவரி 15, சனி

நாலாம் பகுதி ரயில் நிற்பதோடு முடிகிறது. ஆறாம் பகுதி அடுத்த வசந்தத்தில் தொடங்குகிறது. கிளாரா திரும்ப நகரத்தில் இருக்கிறாள். இடது கையில் இரண்டு விரல் இல்லை. குளிரில் கருகி வெட்டி எடுத்துவிட்டார்கள். தாய் மாடுகளை விற்றுவிட்டு ஒருத்தரோடும் பேசாமல் இருக்கிறா. நடுவில் என்ன நடந்தது? அதை நான்தான் சொல்ல வேண்டும்.

இன்றைக்கு மட்டும் பன்னிரண்டு பக்கம். பழைய சங்கக்கடைப் படிவங்களின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். பனியை நான் கண்டேனா? நாலாம் பகுதியில் கிடந்த பனியை அள்ளிக் கொட்டுகிறேன்.

கிளாராவை வீட்டுக்கு நடத்திக் கொண்டுவந்தேன். தாய் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டா. இரண்டு பேரும் அடுப்பைப் பார்த்தபடி இருந்தார்கள். விடிய கிளாரா புறப்பட்டாள். கையுறையை அடுப்பு மேலே மறந்து விட்டுவிட்டாள். தாய் அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தா. மகள் படலையைத் தாண்டிவிட்டாள். தாய் கையுறையோடு பார்த்துக்கொண்டு நின்றா. கூப்பிடவில்லை.

இதை எழுதும்போது கை நிற்கவே இல்லை. வெட்கம் என்று ஒன்று இருக்க வேண்டும், ஆனால் இல்லை. இவ்வளவு சந்தோசமாக நான் ஒன்றும் எழுதினதில்லை.

பெப்ரவரி 17, திங்கள்

கொடுத்துவிட்டேன். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 11, புதன்

எல்லாரும் வாசித்து முடித்துவிட்டார்கள். இன்று வகுப்பில் ஐந்தாம் பகுதிதான் பேச்சு. சேர் சொன்னார், நாவலின் உச்சம் இதுதானாம். பஞ்சலிங்கம் எழும்பி, தாயின் மௌனம் அகங்காரம் என்றான். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் மகளின் விரல் தப்பியிருக்கும், அந்த ஒரு வார்த்தைக்குக்கூட வளையாத பெருமை, அதுதான் அமெரிக்கத் தனிமனிதம் என்றான். சேர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

அப்போது பாலேஸ்வரி மெல்லச் சொன்னாள்: "பெருமையா இராது சேர். வெளிக்கிட்ட ஆளைப் பின்னாலை கூப்பிடக் கூடாதெண்டு விட்டிருப்பா. அவ நொண்டிதானே, சுத்தி முன்னுக்குப் போய்க் குடுக்கவும் ஏலாது."

வகுப்பே சிரித்தது. பஞ்சலிங்கம், "ஓம், பிறகு சகுனமும் பாத்திருப்பா, பூனை குறுக்கை போச்சுதோ எண்டு" என்றான். சேரும் சிரித்தார். "பாலேஸ்வரி, அமெரிக்காவை உரும்பிராய்க்குக் கொண்டு வராதையும்."

அவள் மட்டும்தான் சரி. அந்தத் தாய் கூப்பிடாதது அதற்காகத்தான். எங்கள் ஐயா கடலுக்கு வெளிக்கிட்டால் வீட்டில் ஒருத்தரும் பின்னால் நின்று கூப்பிட மாட்டோம். தீப்பெட்டியை மறந்துவிட்டுப் போனால் அம்மா பக்கத்து ஒழுங்கையால் ஓடிப்போய் முன்னுக்கு வந்துதான் நீட்டுவா. எழுதும்போது இதை நான் யோசிக்கக்கூட இல்லை. எல்லாத் தாய்மாரும் அப்படித்தான் என்று நினைத்து எழுதியிருக்கிறேன். அமெரிக்காவை உரும்பிராய்க்குக் கொண்டுவந்தது அவளில்லை. குருநகருக்குக் கொண்டுவந்தது நான்.

பாலேஸ்வரி என்னைப் பார்த்தாள். பக்கத்தில் இருக்கிற சிநேகிதி, ஒரு சொல் ஆதரவாகச் சொல்வேன் என்று. நான் கொப்பியைப் பார்த்தேன்.

மார்ச் 12, வியாழன்

ஏன் வாய் திறக்கவில்லை? பகிடி விட மட்டும்தானா இந்த வாய்?

மார்ச் 25, புதன்

ரியூற்றோரியல் கட்டுரைகள் திரும்ப வந்தன. பாலேஸ்வரி தான் சொன்னதை விடாமல் அப்படியே எழுதியிருந்தாள். 'சி'. ஓரத்தில் சிவப்பு மையில்: "ஆதாரம் இல்லை. உமது ஊர் வழக்கத்தை ஏற்றிப் பார்க்கிறீர்."

எனக்கு 'ஏ'. நான் எழுதியது தாயின் அகங்காரத்தைப் பற்றி.

ஓம். நானே. நான் பெற்ற அந்தத் தாயைப் பற்றி நானே பொய் எழுதி 'ஏ' வாங்கியிருக்கிறேன். மற்றவர்களோடு சேர்ந்து எழுதினால் பத்திரம் என்று நினைத்தேன். பாலேஸ்வரி என் கட்டுரையை வாங்கி வாசித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறாய். எனக்குத்தான் இலக்கியம் விளங்குதில்லைப் போலை" என்றாள். அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் இன்றைக்குச் சாப்பிட்டிருப்பேன்.

ஏப்ரல் 11, சனி

நாளை குருத்தோலை ஞாயிறு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வழமையான பாவங்களைச் சொல்லி முடித்துவிட்டு இதையும் சொன்னேன். பாதர் விளங்காமல் இரண்டு தரம் கேட்டார். பிறகு கேட்டார்: "இதிலை ஆருக்குப் பிள்ளை நட்டம்?"

"ஒரு பெட்டைக்கு, பாதர்."

"அப்ப என்னட்டை ஏன் வந்தனீர்? அவவிட்டைப் போம்."

பத்து அருள்நிறை மரியே செபம் அபராதம். எழும்பப் போனபோது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "அந்தப் பனிக்குள்ளை போன பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். இரண்டு விரல் போச்சுது என்றேன். "சீ" என்றார்.

செபம் பத்தையும் சொன்னேன். அவளிடம் போகவில்லை.

மே 13, புதன்

சேர் இன்று அறிவித்தார். இறுதிப் பரீட்சைக்கு இந்த வினாத்தாளை எங்கள் பல்கலைக்கழகத்துக்கு வெளியில் இருக்கிற ஒரு பேராசிரியர்தான் போடுகிறார், திருத்துவதும் அவரே. விடைத்தாள் செஞ்சிலுவைக் கப்பலில் போகும். அவர் இதே நாவலாசிரியரைப் பற்றித்தான் ஆய்வு செய்து பட்டம் வாங்கினவராம். "எங்கடை ஆக்கள் ஐந்தாம் பகுதியை எழுதினால் அசந்து போவார்" என்றார் சேர்.

அசந்துதான் போவார். ஏழு பேரும் இல்லாத கையுறையைப் பற்றி எழுதியிருப்பார்கள். சேர்ந்து களவு செய்ததாக நினைப்பார். ஏழு பேரையும் பரீட்சையில் விழுத்துவார். பஞ்சலிங்கத்தின் தகப்பன் இவன் பட்டம் எடுப்பானென்று தோட்டத்தில் தனியாகப் பாடுபட்டு மாய்கிறார். பாலேஸ்வரிக்கு இது இல்லாவிட்டால் வேறொன்றும் இல்லை, கல்யாணம்தான்.

இனி என்னுடைய வெட்கத்துக்கு இடமில்லை.

மே 18, திங்கள்

சொல்லிவிட்டேன். வகுப்பு தொடங்க முன்னரே எழும்பி நின்று, கடலைச் சரையிலிருந்து கையுறை வரை எல்லாம். 161ஆம் தாளை மேசையில் வைத்தேன். எண்ணெய்க்கறை இருந்தது.

பஞ்சலிங்கம்: "நான் அதிலை நாலு பந்தி பாடமாக்கி வைச்சிருக்கிறன்."

சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பனியெல்லாம்?"

"நாலாம் பகுதியிலை களவெடுத்தது, சேர்."

"கையுறை?"

"அது நான்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. என் கட்டுரையைக் கேட்டு வாங்கி 'ஏ'யை வெட்டிச் சைபர் போட்டார். பிறகு பாலேஸ்வரியின் கட்டுரையைக் கேட்டார். 'சி'யை வெட்டினார். வகுப்பு முன்னாலேயே, "நான் சிரிச்சிருக்கக் கூடாது பிள்ளை" என்று அவளிடம் சொன்னார். உண்மையான பக்கங்களுக்கு அந்தப் பேராசிரியருக்கே இன்று கடிதம் எழுதுவாராம். எழுதும்போது காரணத்தையும் எழுதத்தான் வேண்டும் என்றார்.

சைக்கிள் கொட்டகையில் பாலேஸ்வரியைப் பிடித்தேன். அவள் கடலையைப் பற்றியும் கேட்கவில்லை, 'சி'யைப் பற்றியும் கேட்கவில்லை.

"நீ எழுதினதுக்கு எனக்குக் கோவமில்லை. அண்டைக்கு எல்லாரும் சிரிக்கேக்கை நீ ஏன் வாய் திறக்கேல்லை?"

அவள் போய்விட்டாள்.

ஜூன் 26, வெள்ளி

கப்பலில் பக்கங்கள் வந்துவிட்டன. சேர் வகுப்பில் உரக்க வாசித்தார்.

கிளாரா வீட்டுக்குப் போகவே இல்லை. ஸ்ரேசனில் இறங்கி, மேடையில் ஒரு இரவும் ஒரு பகலும் பெட்டி மேல் இருந்துவிட்டு, வீட்டுப் பக்கம் ஒரு அடி வைக்காமல் அடுத்த ரயிலில் திரும்பிவிடுகிறாள். அந்த ரயில் பனியில் புதைந்து நிற்கிறது. விரல் போனது அதில்தான். மகள் வந்து திரும்பினாள் என்பதைத் தாய் பிறகு ஸ்ரேசன்காரன் சொல்லித்தான் அறிகிறா. பேசாமல் போனது அதற்குப் பிறகுதான். அவர்கள் சந்திக்கவே இல்லை.

நான் இப்படி எழுதியிருக்க மாட்டேன். ஒருக்காலும் மாட்டேன். ஊர் வரை வந்தவளை வீடு காட்டாமல் திருப்ப எனக்கு மனம் வராது. நாவலை எழுதின மனிதருக்கு வந்திருக்கிறது. அவர் எழுதியதுதான் பெரிது. அமெரிக்க இலக்கியத்தில் நான் படித்தது ஏதும் உண்டென்றால் இதுதான். ஆனாலும் நான் எழுதிய தாய் சாப்பாடு போட்டதற்காக நான் கவலைப்படவில்லை.

பாலேஸ்வரி இப்போது முன் வாங்கில் இருக்கிறாள். நான் பின்னால்.

ஜூலை 5, ஞாயிறு

உரும்பிராய்க்குச் சைக்கிள் உழக்கினேன். "வாரும்" என்றாள். மூன்று வருடம் 'எடி' என்று கூப்பிட்டவள். அவளுடைய தாய் பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்தா. பாலேஸ்வரி பரீட்சையைப் பற்றிக் கதைத்தாள், மரவள்ளிக்குப் பூச்சி பிடித்ததைப் பற்றிக் கதைத்தாள். அவ்வளவு மரியாதையாக என்னோடு ஒருத்தரும் கதைத்ததில்லை. வரும் வழியில் கோப்பாய்ச் சந்தியில் சைக்கிளை நிறுத்திவிட்டு அழுதேன். பிறகு காற்றுப் போயிருக்கிறதா என்று பார்ப்பது மாதிரி ரயரை அமத்தினேன், சனம் பார்க்கும் என்று.

ஓகஸ்ட் 12, புதன்

இறுதிப் பரீட்சை. நாலாம் வினா: தாயும் மகளும் சந்திக்காதது ஏன்? எல்லாரும் எழுதினார்கள். பஞ்சலிங்கம் வெளியே வந்து, "பழைய நாலு பந்தியும் இன்னும் தலைக்குள்ளை கிடந்து உபத்திரவம் தருது" என்றான். பகிடிதான். அவன் என்னை எப்போதோ மன்னித்துவிட்டான்.

டிசம்பர் 17, வியாழன்

முடிவு வந்தது. ஒருத்தரும் விழவில்லை. பாலேஸ்வரிக்கு இரண்டாம் வகுப்பு மேல்பிரிவு. எனக்குக் கீழ்ப்பிரிவு, அந்தச் சைபர்தான் இழுத்துவிட்டது. அது நியாயம். ஐயா, "கிளாஸ் எண்டால் என்ன, பாஸ்தானே?" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அறிவிப்புப் பலகையடியில் பாலேஸ்வரி நின்றாள். வாழ்த்துச் சொன்னேன். "உமக்கும்" என்றாள்.

1993 மார்ச் 19, வெள்ளி

சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இரண்டு மாதம் முடிகிறது. பஞ்சலிங்கமும் அங்கேதான். பாலேஸ்வரி உடுவிலில் படிப்பிக்கிறாள் என்று கேள்விப்பட்டதோடு சரி.

இன்று பஞ்சலிங்கம் ஒரு கடித உறை கொண்டுவந்து தந்தான். நேற்று உடுவிலுக்குப் போனானாம், பாலேஸ்வரி கொடுத்து அனுப்பினாளாம். உள்ளே வெறும் தாள்கள் பத்து, நல்ல வெள்ளைத் தாள், எங்கே பிடித்தாளோ. அதோடு ஒரு துண்டு:

"எடி ஸ்ரெல்லா, எட்டாம் வகுப்புப் பிள்ளையளுக்கு ஒரு இங்கிலிஸ் கதைப் புத்தகம் வாசிச்சுக் காட்டுறன். கடைசிப் பன்னிரண்டு பக்கமும் இல்லை. கப்பலிலை போன மாலுமி திரும்பி வாறானோ இல்லையோ எண்டு தெரியாமல் நாற்பது பெட்டையளும் என்ரை உயிரை எடுக்குதுகள். பக்கம் இல்லையெண்டு சொல்லிப் போட்டன். முடிவை எழுதப் போறது ஆர் எண்டும் சொல்லிப் போட்டன். புதன்கிழமைக்கு முன்னம் வரவேணும். கதைச் சுருக்கம் பின்பக்கத்திலை இருக்கு. மேலை உன்ரை பேரைப் போட்டு எழுது."

பின்னேரம் முற்றத்து வாங்கில் இருந்து எழுதத் தொடங்கினேன். முதல் வரியில் என் பெயரை எழுதினேன். இரண்டாவது வரி வர வெகு நேரம் பிடித்தது.